மூன்று துளைகள் எதை நிரூபிக்கும்?

துல்லியத் துப்பாக்கிக்கான தோட்டாவைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் அமெரிக்கச் சுடுநர்களிடம் நான்கு வாக்கியங்கள் வேதவாக்காகிவிட்டன. ஒவ்வொரு குழலுக்கும் அதற்கே பிடித்த ஒரு வெடிமருந்தளவு உண்டு. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் தோட்டா தயாரிப்பின் சாரம். கண்டுபிடிக்க, அளவுக்கு மூன்று குண்டு சுட்டுப் பார்த்தால் போதும். அழுத்தம் எல்லை மீறினால் சுட்ட குப்பியே காட்டிக்கொடுத்துவிடும். முதல் மூன்றும் பணத்தையும் குழலின் ஆயுளையும் தின்கிற நம்பிக்கைகள். நான்காவது, கண்ணையும் விரலையும் பறிக்கக்கூடியது. ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதால் நான்கையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு சொல்லிவிடுகிறேன். சுட்ட பித்தளைக் குப்பியைப் பழைய அளவுக்கு அழுத்திச் சரிசெய்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைக் குப்பியின் வாயில் செருகினால் தோட்டா தயார். மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் 65 மில்லிகிராமுக்குச் சற்றே குறைவு. மருந்து தீப்பற்றும்போது குழல் அசையாத தடியாக நிற்பதில்லை. அது அதிர்கிறது, அதன் வாய் மேலும் கீழும் ஆடுகிறது. ஆட்டத்தின் எல்லையைத் தொட்டுத் திரும்பும் கணத்தில் வாய் ஏறக்குறைய நின்றுவிடும். குண்டு அந்தக் கணத்தில் வெளியேறினால், மருந்தில் சிறு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் இலக்கில் விழும் இடம் மாறாது. அப்படிப்பட்ட மருந்தளவையே ‘கணு’ என்கிறார்கள்.

அதைத் தேட மூன்று வழிகள் புகழ்பெற்றவை. கிரெய்ட்டன் ஆடெட் பெயரால் வழங்கும் ஏணிச் சோதனையில் மருந்தைப் படிப்படியாகக் கூட்டி, படிக்கு ஒரு குண்டாகத் தொலைவில் உள்ள அட்டையில் சுட்டு, எந்தெந்த அடுத்தடுத்த படிகள் ஒரே உயரத்தில் திரண்டு விழுகின்றன என்று பார்ப்பார்கள். டான் நியூபெரியின் முறையில் 100 கஜத்தில், அளவுக்கு மூன்று குண்டு, அளவுகளை மாற்றி மாற்றிச் சுழற்சியாகச் சுட வேண்டும். ஸ்காட் சாட்டர்லீயின் பெயரோடு பரவிய முறைக்கு அட்டைகூடத் தேவையில்லை. மருந்து கூடியும் வேகம் கூடாத ‘சமதளம்’ வேகமானியில் எங்கே தென்படுகிறதோ அதுவே கணு. இவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். குழல் அதிர்வது உண்மை. இந்த முறைகளில் தேர்ந்தெடுத்த தோட்டாவோடு போட்டிகளில் வென்றவர்களும் ஏராளம். அந்த வெற்றிகளுக்கு இந்த முறைகள்தாம் காரணமா என்பதே கேள்வி.

1. மூன்று குண்டுக்கு அளவுகோலாகும் தகுதி கிடையாது. ஒரு தோட்டா 100 கஜத்தில் சராசரியாக முக்கால் அங்குலத்துக்குள் மூன்று குண்டுகளைப் போடுகிறது என்று கொள்வோம். மருந்து, குழல், சுடுபவர், எதுவும் மாறவில்லை. அப்போதும் அடுத்தடுத்த மூன்று குண்டுக் குரூப்புகள், அதாவது அட்டையில் விழும் துளைத் திரள்கள், 0.4 அங்குலமாகவும் வரும், 1.1 அங்குலமாகவும் வரும். இதில் வியக்க ஒன்றுமில்லை. ஒவ்வொரு குண்டும் மையத்தைச் சுற்றித் தற்செயலாகச் சிதறுகிறது. மூன்றே மூன்றை எடுத்தால் அவை ஒட்டி விழவும் வாய்ப்புண்டு, விலகி விழவும் வாய்ப்புண்டு. மூன்று குண்டுக் குரூப்பின் அளவு தன் சராசரியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகிப்போவது சாதாரணம். ஒரே தோட்டா இவ்வளவு வேறுபாட்டைக் காட்டும் இடத்தில், இரண்டு தோட்டாக்களுக்கு இடையிலான வேறுபாட்டை எதைக் கொண்டு அளப்பது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லா அரிசியும் ஒரே உலையில் ஒரே நேரம் வெந்ததால் பொருந்துகிறது. குண்டுகளின் சிதறலோ பருக்கைக்குப் பருக்கை வேறுபடுவதையே குணமாகக் கொண்டது. அங்கே ஒரு பருக்கை பதம் சொல்லாது, மூன்றும் சொல்லாது.

இதைவிட மோசமான பிழை தேர்ந்தெடுப்பதில் ஒளிந்திருக்கிறது. எட்டு மருந்தளவுகள், அளவுக்கு மூன்று குண்டு, எட்டு குரூப்புகள். மிகச் சிறிய குரூப்பைத் தந்த அளவை வட்டமிட்டு ‘இதுதான் கணு’ என்கிறார்கள். அந்த எட்டுப் பொட்டலங்களிலும் ஒரே மருந்தளவு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அப்போதும் எட்டில் ஒன்று மிகச் சிறியதாக இருந்தே தீரும். அதன் அளவு எட்டின் சராசரியில் ஏறத்தாழ பாதியாக இருக்கும். எந்த வேறுபாடும் இல்லாத இடத்திலும் இந்தச் சோதனை ஒரு வெற்றியாளரை அறிவித்துவிடும். தோல்வியடையவே முடியாத ஒன்றைச் சோதனை என்று எப்படி அழைப்பது? அடுத்த வாரம் அந்த ‘வெற்றி’ அளவு முக்கால் அங்குலத்துக்குத் திரும்பும்போது காற்றின் மீதும், விசையை இழுத்த விரல் மீதும், குழலில் படிந்த கரி மீதும் பழி விழுகிறது. உண்மையில் அந்தத் தோட்டா தன் இயல்புக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

வேகத்தின் திட்ட விலக்கத்துக்கும் இதே கதிதான். மூன்று குண்டு சுட்டுக் கணக்கிட்ட திட்ட விலக்கம் வினாடிக்கு 5 அடி என்று பெருமையோடு எழுதி வைக்கிறார்கள். மூன்றே அளவீடுகள் இருக்கும்போது, உண்மையான மதிப்பு கணக்கிட்டதில் பாதியாகவும் இருக்கலாம், ஆறு மடங்குக்கு மேலாகவும் இருக்கலாம் என்பதே 95 விழுக்காட்டு நம்பிக்கை எல்லை. அதாவது அந்த ‘5 அடி’ உண்மையில் 30 அடியாக இருந்தாலும் முரண்பாடு இல்லை. பத்துக் குண்டுகளில் அந்த எல்லை 0.7 மடங்கிலிருந்து 1.8 மடங்காகச் சுருங்குகிறது. முப்பதில் 0.8 முதல் 1.34 மடங்கு. முப்பது சுட்ட பிறகும் மூன்றில் ஒரு பங்கு நிச்சயமின்மை மிஞ்சுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சிறிய மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்ற கேள்விக்கு டப்ளினில் கின்னஸ் மதுவாலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில், 1908-லேயே விடை எழுதிவிட்டார். அவர் கையில் இருந்ததும் எங்களைப் போலவே சில அளவீடுகள் மட்டுமே. அவற்றிலிருந்து எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்பதை அவர் கணக்கிட்டுக் காட்டினார். நூறாண்டு கடந்த பிறகும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மறுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

2. வேகமானியின் ‘சமதளம்’ கானல். 6.5 கிரீட்மோர் போன்ற ஒரு தோட்டாவை எடுத்துக்கொள்வோம். மருந்தை 0.2 கிரெயின் கூட்டினால் வேகம் வினாடிக்குச் சுமார் 10 அடி கூடும். நன்றாகத் தயாரித்த தோட்டாவிலும் வேகத்தின் திட்ட விலக்கம் 10 அடி அளவில் இருப்பது வழக்கம். படிக்கு ஒரு குண்டு சுடும்போது அடுத்தடுத்த இரண்டு குண்டுகளின் வேக வேறுபாட்டில் இரண்டு சிதறல்களும் சேர்கின்றன. அதன் திட்ட விலக்கம் 14 அடி. எதிர்பார்க்கும் ஏற்றமோ 10 அடிதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒரு படியில் வேகம் கூடாமலே நிற்கும், அல்லது குறையும். பத்துப் படி ஏணியில் ஒன்பது இடைவெளிகள். சராசரியாக இரண்டு இடங்களில் ‘சமதளம்’ தெரிந்தே ஆக வேண்டும். அதற்குக் குழலும் காரணமில்லை, மருந்தும் காரணமில்லை. அதே ஏணியை மறுநாள் ஏறினால் சமதளங்கள் வேறு படிகளுக்கு இடம்பெயர்ந்திருக்கும். அளவுக்கு இருபது இருபதாகச் சுட்டு வரைபடம் போட்டால் மருந்துக்கும் வேகத்துக்கும் இடையில் ஏறக்குறைய நேர்கோடு ஒன்று கிடைக்கும். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

ஏணியை இரண்டு முறை ஏறி, இரண்டு முறையும் ஒரே இடத்தில் சமதளம் கண்டேன் என்பவர்கள், எத்தனை முறை ஏறியும் காணாதவர்கள் அதைப் படம்பிடித்து யாருக்கும் காட்டுவதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

3. கணுவின் இயற்பியலே தன்னோடு முரண்படுகிறது. வாய் நின்று திரும்பும் கணத்தில் குண்டு வெளியேற வேண்டும் என்பது ஒரு விளக்கம். அதே ஆட்கள் அதே மூச்சில் இன்னொன்றும் சொல்கிறார்கள்: வாய் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது குண்டு வெளியேறினால், மெதுவான குண்டு சற்றுத் தாமதமாக, சற்று உயர்ந்த கோணத்தில் புறப்படும், அதனால் தொலைவில் வேகக்குறைவு ஈடாகிவிடும். இந்த ஈடுகட்டல் கற்பனையன்று. பிரிட்டிஷ் படையின் .303 லீ-என்ஃபீல்டில் இது தெளிவாகவே அறியப்பட்டிருந்தது. அண்மைத் தூரத்தைவிட நெடுந்தூரத்தில் அது தகுதிக்கு மேல் நன்றாகச் சுட்டது. அதன் மெல்லிய குழலும் பின்பக்கம் பூட்டும் போல்ட்டும் அதற்கு வழிசெய்தன. ஆனால் முதல் விளக்கம் வாய் நிற்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, வாய் நகர வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே மருந்தளவைக் கணுவாகச் சுட்ட முடியாது. இரண்டாவதன்படி ஈடுகட்டல் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் மட்டுமே முழுமையாகப் பலிக்கும்; 100 கஜத்தில் தேடிய கணுவுக்கு 1,000 கஜத்தில் எந்த உரிமையும் இல்லை.

இரண்டு விளக்கங்களையும் ஒதுக்கிவிட்டுக் கணு இருக்கிறது என்றே ஏற்றுக்கொள்வோம். அதன் அகலம் 0.3 கிரெயின் என்கிறார்கள். கிரெயினுக்கு 50 அடி வேகம் என்றால், அது 15 அடி அகலம். வெப்பத்துக்கு ஓரளவு கட்டுப்பட்ட மருந்துகூட ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு அரை அடி வேகம் மாறலாம். சில உருண்டை மருந்துகள் ஓர் அடிக்கும் மேல். காலை 50 டிகிரியில் சுடத் தொடங்கி, நண்பகலில் 90 டிகிரி ஆகிவிட்டால் வேகம் 20 அடி கூடியிருக்கும். கணுவை விட்டு மதிய உணவுக்கு முன்பே வெளியேறியாயிற்று. இதோடு புதுக் குழலில் முதல் நூறு, இருநூறு குண்டுகளில் வேகம் தானாகவே ஏறுகிறது. மருந்தின் தொகுதி மாறினால் எரியும் விதமும் கொஞ்சம் மாறுகிறது. ஆனாலும் கணுவில் நிற்கிறேன் என்று நம்பும் சுடுநரின் குரூப் நாள் முழுவதும் பெரிதாகக் கெடுவதில்லை. கெடாததற்குக் காரணம் எளிது: பக்கத்து அளவுகளும் அதே அளவு நன்றாகச் சுடுகின்றன. தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தின் எறிவியலாளர்கள் அதிக எண்ணிக்கையில் சுட்டுப் பார்த்துவிட்டு, அண்மை ஆண்டுகளில் பொதுவெளியில் அழுத்திச் சொல்வதும் இதுவே. அதிர்வை மாற்றவென்று குழல் வாயில் பொருத்தும் டியூனர்களை எறிவியலாளர் பிரையன் லிட்ஸின் குழு நீண்ட தொடர்களாகச் சுட்டுச் சோதித்தபோதும், டியூனரை எங்கே திருப்பினாலும் குரூப் அளவில் நம்பத்தக்க, திரும்பத் திரும்ப வரும் மாற்றம் தென்படவில்லை.

4. ‘பெஞ்ச்ரெஸ்ட் வீரர்கள் முட்டாள்களா?’ என்ற கேள்வி எப்போதும் வரும். இல்லை. துப்பாக்கியை மேசைமீது தாங்கலில் வைத்து, உலகிலேயே மிகச் சிறிய குரூப்புகளைச் சுடுபவர்கள் அவர்கள். களத்திலேயே தோட்டா தயாரித்து, மருந்தளவை வெப்பத்துக்கேற்ப அன்றே மாற்றுகிறார்கள். ஆனால் அவர்களுடைய போட்டி எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து குண்டுக் குரூப்புகள் ஐந்து. அவற்றின் சராசரியே மதிப்பெண். அதாவது 25 குண்டுகள். ஒரே ஒரு சிறிய குரூப்பை அந்த விளையாட்டே நம்புவதில்லை. ‘அமெரிக்கன் ரைஃபிள்மேன்’ இதழ் துப்பாக்கிகளை மதிப்பிடுவதும் தொடர்ந்து சுட்ட ஐந்து குண்டுக் குரூப்புகள் ஐந்தைக் கொண்டே. எஃப்-கிளாஸ் போட்டியில் ஒரு சுற்று பெரும்பாலும் 15 அல்லது 20 குண்டு. பெஞ்ச்ரெஸ்டிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் அதன் 25 குண்டு நேர்மையைக் கற்றிருக்க வேண்டும்; மூன்று குண்டு அவசரத்தை அல்ல. பத்தரை பவுண்டு எடையில், ஒரே வேலைக்கென்று செதுக்கிய ஒரு துப்பாக்கியில் தெரியும் நுண்ணிய வேறுபாடு, சாதாரண மனிதரின் முக்கால் அங்குலத் துப்பாக்கியிலும் தெரியும் என்று எடுத்துக்கொள்ளவும் ஆதாரமில்லை.

இதுவரை சொன்னவை நேரம், பணம், குழல் பற்றியவை. இனி சொல்வது உயிரும் உறுப்பும் பற்றியது.

5. குப்பி உங்களை எச்சரிக்காது. பிரைமர் தட்டையாகிறதா, அதன் நடுவில் எரிமலை வாய்போல் விளிம்பு எழுகிறதா, குப்பியின் அடியில் வெளித்தள்ளியின் வட்டம் பளபளவென்று பதிகிறதா, போல்ட்டைத் தூக்கக் கை கனக்கிறதா என்று பார்த்துக்கொண்டே மருந்தைக் கூட்டிப் போகலாம், அடையாளம் தெரிந்ததும் ஒரு படி இறங்கினால் பாதுகாப்பு என்பது பரவலான வழக்கம். இதைத் தகர்க்க ஓர் ஒப்பீடு போதும். அமெரிக்கத் துப்பாக்கித் தொழில்துறையின் தர அமைப்பான சாமி (SAAMI), .308 வின்செஸ்டருக்கு வைத்திருக்கும் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. .30-30 வின்செஸ்டருக்கு 42,000. .45-70-க்கு 28,000. மூன்றிலும் பொருத்துவது ஒரே அளவுப் பெரிய ரைஃபிள் பிரைமர். மூன்றும் பித்தளைக் குப்பிகள். .308-ல் 60,000 பவுண்டைச் சத்தமில்லாமல் தாங்கும் பிரைமர், பழைய நெம்புகோல் துப்பாக்கியில் .30-30 தன் எல்லையை மீறி 50,000-ஐத் தொட்டால் எப்படித் தட்டையாகும்? ஆகாது. பித்தளைக்கு எந்தத் தோட்டாவின் எல்லை எவ்வளவு என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் தான் எப்போது நசுங்குவோம் என்பது மட்டும். 62,000 எல்லை கொண்ட நவீனத் தோட்டாக்களிலும், கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் பெரும்பாலும் எல்லையைக் கடந்த பிறகே வருகின்றன. அடையாளத்தைக் கண்டு ஒரு படி இறங்குபவர், பல நேரம், எல்லைக்கு மேலேயே ஒரு படி இறங்கி நிற்கிறார்.

மறுபுறமும் இந்த அடையாளங்கள் பொய் சொல்லும். தோட்டா அமரும் அறையான சேம்பருக்குள் குப்பி கூடுதலாக முன்பின் நகர இடமிருந்தால், மிதமான மருந்திலும் பிரைமர் தட்டையாகும்: முதலில் அது பின்னால் தள்ளப்படுகிறது, பிறகு நீளும் குப்பி பின்வந்து அதன் மீது மோதி நசுக்குகிறது. பிரைமர்களிலும் மென்மையானவை உண்டு, கடினமானவை உண்டு; ஒரே அழுத்தத்தில் ஒன்று தட்டையாகும், மற்றது ஆகாது. வெளித்தள்ளித் துளையின் விளிம்பு கூராக இருக்கும் துப்பாக்கியில் ஆலைத் தோட்டாவே வட்டம் பதிக்கும். ஆபத்தில் மௌனமாகவும் ஆபத்தில்லாதபோது கூச்சலாகவும் இருக்கக்கூடிய ஒரு கருவியை, வேறு எந்தத் துறையிலாவது பாதுகாப்புக் கருவி என்று ஏற்பார்களா?

இங்கே வேகமானி, கணு தேடும் கருவியாக அல்லாமல், நிஜமான வேலை செய்யும். மருந்தளவுகளை அச்சிட்டுத் தரும் கையேட்டில் உள்ள அதே குண்டு, அதே மருந்து, ஏறக்குறைய அதே குழல் நீளம் என்று கொள்வோம். கையேட்டின் உச்ச வேகத்தை நீங்கள் அதைவிடக் குறைந்த மருந்தில் எட்டிவிட்டால், உங்கள் அழுத்தம் அதன் உச்சத்தை எட்டியிருக்க வாய்ப்பு மிகுதி. இலவச வேகம் என்று ஒன்று இல்லை. அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், பெரும்பாலும் அழுத்தத்திலிருந்து. முன்பு நல்ல வேகமானி எளிதில் கிடைக்காத பொருள். இன்று கையடக்க ராடார் கருவிகள் சுடுதளத்தில் சாதாரணமாகிவிட்டன. பிரைமரின் முகத்தைப் படித்துக்கொண்டிருக்க இனி யாருக்கும் சாக்கு இல்லை.

6. ‘கையேட்டை வக்கீல்கள் எழுதுகிறார்கள்’ என்பது சோம்பேறித்தனமான அவதூறு. பழைய கையேட்டில் இருந்த உச்ச அளவு புதியதில் குறைந்திருந்தால், வழக்குக்குப் பயந்து குறைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார்கள். முன்பு அழுத்தத்தை ஒரு செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்பதைக் கொண்டே அளந்தார்கள். அழுத்தம் உச்சத்தில் நிற்கும் நேரமோ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அதற்குள் செம்பு முழுமையாகப் பணிந்துவிடுவதில்லை, ஆகவே உச்சத்தைக் குறைத்தே காட்டும். இன்று அழுத்தமின் உணரிகள் மொத்த வளைவையும் பதிவு செய்கின்றன. .308-க்குச் செப்பு முறையில் எல்லை 52,000 அலகு. உணரி முறையில் 62,000 பவுண்டு. இரண்டும் ஒரே அழுத்தத்தை இரண்டு கருவிகள் சொல்லும் விதம். இந்த இரு அலகுகளையும் ஒன்றென்று குழப்பியதால்தான், ராணுவத்தின் 7.62 தோட்டாவுக்கு 50,000, .308-க்கு 62,000 என்ற போலி வேறுபாடும் அதையொட்டிய பயமும் பல பத்தாண்டுகள் உலவின. கருவி கூர்மையானதும் சில பழைய அளவுகள் எல்லைக்கு மேல் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது, குறைத்தார்கள். அதை அச்சம் என்று ஏளனம் செய்பவர்கள், அளவீடு திருந்தியதையே ஏளனம் செய்கிறார்கள்.

கையேட்டின் உச்ச அளவுகூட அதன் ஆய்வகத்தின் குழலுக்கும், குப்பிக்கும், மருந்துத் தொகுதிக்கும் உரியது. உங்கள் குப்பி தடித்த ராணுவக் குப்பியாக இருந்தால் உள்ளிடம் குறைவு, அழுத்தம் கூடுதல். குண்டைக் குழலின் வரியைத் தொடும்படி முன்தள்ளிச் செருகினால் அழுத்தம் எழும். பிரைமரை மாற்றினாலும் எழலாம். குப்பி நீண்டு, வாய் சேம்பரின் முனையில் முட்டி, குண்டைக் கவ்விக்கொண்டால் கடுமையாக எழும். தொடக்க அளவிலிருந்து படிப்படியாக ஏறச் சொல்வது இதனால்தான்.

7. கணுத் தேடல் ஆட்களை மேலே தள்ளுகிறது. இதுவே என் முதன்மையான குற்றச்சாட்டு. ஏணியில் ‘கீழ்க் கணு’ ஒன்று, ‘மேல் கணு’ ஒன்று என்பது இந்த நம்பிக்கையின் வாய்பாடு. கீழ்க் கணு நன்றாகச் சுட்டாலும், வேகத்துக்காக மேல் கணுவைத் தேடிப் போகிறார்கள். மேல் கணு இருப்பதாகச் சொல்லப்படும் இடமோ, பெரும்பாலும் கையேட்டின் உச்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கிறது. மூன்று குண்டில் சிறிய குரூப் அங்கே தற்செயலாக வந்துவிட்டால், ‘குழலே இதைத்தான் கேட்கிறது’ என்று ஆபத்தான அளவுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. குளிர்காலத்தில் தேர்ந்தெடுத்த அந்த அளவு ஜூலை வெயிலில் சூடான சேம்பரில் காத்திருக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறுகிறது. போல்ட் ஒட்டிக்கொள்கிறது, பிரைமர் பிய்ந்து வாயு முகத்தை நோக்கிப் பீறிடுகிறது. புள்ளியியல் பிழை என்று தொடங்கியது இங்கே கண்ணில் வந்து முடிகிறது. கூடுதலாகக் கிடைப்பது என்ன? 6.5 கிரீட்மோரில் 10 அடி வேக மாற்றம் 1,000 கஜத்தில் இரண்டரை அங்குலத்தை ஒட்டிய உயர வேறுபாடு. காற்றின் வேகத்தை மணிக்கு ஒரு மைல் தவறாகக் கணித்தால் அதைவிடப் பெரிய பிழை வரும்.

8. ‘அளவுக்கு முப்பது குண்டு சுட்டால் குழலே தேய்ந்துவிடும்’ என்ற மறுவாதம் கவனிக்கத்தக்கது. சில தோட்டாக்களில் போட்டிக்குரிய குழலின் ஆயுள் ஓரிரண்டாயிரம் குண்டுதான். பத்து அளவுகளை முப்பது முப்பதாகச் சுட முடியாது என்பது சரி. ஆனால் பத்து அளவுகளைச் சுடச் சொன்னது யார்? முப்பது சுட்டாலொழியத் தெரியாத வேறுபாட்டை மூன்று சுட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று எண்ணினால் குழல் மிச்சமாவதில்லை. பத்து அளவுகளுக்கும் மூன்று மூன்றாகச் சுட்ட முப்பது குண்டும் வீண், அவ்வளவுதான். குழல் அரிது என்றால், சோதிக்கும் அளவுகளைக் குறைக்க வேண்டும். சோதனையின் நேர்மையைக் குறைக்கக் கூடாது.

இப்படிச் செய்யலாம். தரத்துக்குப் பெயர்பெற்ற ஒரு குண்டு, வெப்பத்துக்கு அதிகம் அசையாத ஒரு மருந்து, ஒரே தொகுதிக் குப்பிகள். கையேட்டின் தொடக்க அளவிலிருந்து வேகமானியோடு ஏறி, அச்சிட்ட உச்ச வேகத்துக்குக் கணிசமான இடைவெளி இருக்கும்போதே நிற்க வேண்டும். எங்கே நிற்பது என்பதை எந்தக் குரூப்பும் தீர்மானிக்கக் கூடாது; அழுத்த இடைவெளி மட்டுமே தீர்மானிக்க வேண்டும். அந்த ஓர் அளவில் இருபது, முப்பது தோட்டா செய்து ஒரே அட்டையில் சுட்டால் தோட்டாவின் உண்மையான முகம் தெரியும். மூன்று குண்டில் அரை அங்குலம் என்று பெருமைப்பட்டது பத்தில் முக்கால் அங்குலத்தைத் தாண்டும். அதுதான் அதன் நிஜமான அளவு. போதாது என்றால் மருந்தில் 0.2 கிரெயினைத் திருகிக்கொண்டிருக்காமல் குண்டை மாற்றிப் பார்க்க வேண்டும், பிறகு மருந்தின் வகையை. அவை ஏற்படுத்தும் வேறுபாடு பெரிது. இருபது குண்டிலேயே பளிச்சென்று தெரியும். மருந்து மாறிப்போகாமல் இருக்க, மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி தவிர்த்துத் தரும் விபத்தை எந்தக் கணுவும் ஈடுசெய்யாது.

இத்தனைக்குப் பிறகும் தன் கணுவை நம்புபவருக்கு ஒரு வழி இருக்கிறது. கணு என்று அவர் சொல்லும் அளவில் ஐந்து பொட்டலம், அதிலிருந்து 0.3 கிரெயின் குறைவாக ஐந்து பொட்டலம் தயாரிக்கட்டும். பொட்டலத்துக்குப் பத்துத் தோட்டா. இரண்டும் கையேட்டின் எல்லைக்குள் இருக்கட்டும். நண்பர் ஒருவர் அவற்றை அளவுக்கு ஒன்றாக எடுத்து இரண்டிரண்டாக இணைத்து, எது எது என்பதைத் தன்னிடம் மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, வெறும் எண்ணிட்டுத் தரட்டும். வேகமானியை அன்று வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். ஒவ்வோர் இணையையும் சுட்டபின், எது கணு என்று அட்டையைப் பார்த்து அவர் எழுத வேண்டும். ஐந்து இணைகளையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 32-ல் 1. சரியாகச் சொல்லிவிட்டால், அதே சோதனையை இன்னொரு நாள் இன்னொரு முறை செய்யட்டும். அப்போதும் சரியாக வந்தால் அந்தத் துப்பாக்கிக்குக் கணு உண்டு என்று நானே எழுதுகிறேன்.